ஆபரேஷனுக்குப் பிறகு மசாஜ்: வலிக்கும் பதற்றத்துக்கும் எவ்வளவு உதவும், எங்கே கை வைக்கக் கூடாது?

"கொஞ்சம் காலைப் பிடித்துவிடட்டுமா?" ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தவரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளோ, கணவரோ, அக்காவோ பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். நான் பிசியோதெரபிஸ்ட். அறுவை சிகிச்சை வார்டுகளில் பல வருடங்களாக இந்தக் கேள்வியைக் கேட்டுவருகிறேன். வலியில் முனகுகிறவரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க யாருக்கும் மனம் வராது. கை தானாக நீளும். அந்தக் கை உண்மையிலேயே உதவும். ஆனால் ஆபரேஷன் ஆன உடம்பில் அது போகக்கூடிய இடமும் உண்டு, போகக் கூடாத இடமும் உண்டு. எல்லோரும் முதலில் கேட்கிற அந்தக் கால்தான் மிகவும் யோசித்துத் தொட வேண்டிய இடம். அதனால், என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் வீட்டு நோயாளியின் உடல்நிலை தெரிந்தவர் அவருடைய டாக்டர்தான். அவர் வேண்டாம் என்று சொன்னால், இங்கே என்ன எழுதியிருந்தாலும் வேண்டாம்தான்.

ஆபரேஷன் ஆனவருக்கு மசாஜ் செய்யலாமா, கூடாதா?

பெரும்பாலானவர்களுக்குச் செய்யலாம். ஆனால் மசாஜ் என்றதும் மனதில் வருகிற அழுத்திப் பிடிப்பது, பிசைவது, தட்டுவது, நெட்டி முறிப்பது எதுவும் இதில் சேராது. இங்கே வேண்டியது மெதுவாக நீவுவதும் வருடுவதும்தான். காயம், தையல், பேண்டேஜ், குழாய் இவை இருக்கும் பக்கமே போகாமல் கை, பாதம், மேல்முதுகு, கழுத்து, தோள், தலை ஆகியவற்றில் செய்வது. "இவ்வளவு லேசாகச் செய்தால் என்ன பிரயோஜனம்?" என்று சிலர் கேட்பார்கள். லேசாக இருப்பதால்தான் பிரயோஜனம். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

வலி வயிற்றில் இருக்கிறது. கையைத் தடவினால் அது எப்படிக் குறையும்?

நியாயமான கேள்வி. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் உடனே அந்த இடத்தைத் தேய்க்கிறோம் அல்லவா? அதற்கான விளக்கத்தை ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-இல் முன்வைத்தார்கள். தொடுதலைச் சொல்லும் நரம்பிழைகள் தடிமனானவை, வேகமானவை. நீடித்த வலியைச் சொல்லும் இழைகள் மெல்லியவை, மெதுவானவை. இரண்டும் தண்டுவடத்தில் ஒரே வாசலுக்கு வந்து சேர்கின்றன. தொடுதலின் செய்தி நிறைய வரும்போது, வலியின் செய்திக்கு அந்த வாசல் பாதி சாத்திக்கொள்கிறது. இதைத்தான் 'வாசல் கட்டுப்பாட்டுக் கோட்பாடு' என்கிறோம்.

சரி, ஆனால் அது வலிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தேய்ப்பதற்கான விளக்கம். வயிற்றுத் தையல் வலிக்கும்போது உள்ளங்கையைப் பிடித்துவிட்டால் ஏன் இதமாக இருக்கிறது? அதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, வலி என்பது காயத்திலிருந்து மட்டும் வருவதில்லை. வலிக்குமோ என்று பயந்து உடம்பு முழுக்க இறுகிக்கொள்கிறது. பல்லைக் கடிக்கிறார்கள், தோளைக் காது வரைக்கும் தூக்கிவைத்துக்கொள்கிறார்கள், மூச்சை மேலோட்டமாக இழுக்கிறார்கள். மணிக்கணக்கில் இப்படியே கிடந்தால், வெட்டாத தசைகளும் வலிக்க ஆரம்பிக்கும். ஆபரேஷன் மேஜையில் ஒரே நிலையில் பல மணி நேரம் கிடந்ததால் வந்த முதுகுவலியும் கழுத்துப்பிடிப்பும் இதோடு சேர்ந்துகொள்ளும். மசாஜ் முதலில் குறைப்பது இந்த வலியைத்தான்.

இரண்டாவது, முடி வளரும் தோலில், அதாவது முன்கை, முதுகு போன்ற இடங்களில், மெதுவான வருடலுக்கென்றே ஒரு வகை நரம்பிழை இருக்கிறது. விநாடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில் வருடும்போதுதான் அது நன்றாக விழிக்கிறது. வேகமாகத் தேய்த்தால் அடங்கிவிடுகிறது. அது மூளைக்குச் சொல்லும் செய்தி எங்கே தொட்டார்கள் என்பதைவிட, யாரோ பரிவாகத் தொடுகிறார்கள் என்பதைப் பற்றியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு வருடலுக்கு ஏழெட்டு விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். செய்கிறவருக்கு அது மிகவும் மெதுவாகத் தோன்றும். படுத்திருப்பவருக்கு அதுதான் சரியான வேகம்.

இதற்கெல்லாம் ஆய்வு ஆதாரம் உண்டா?

உண்டு. அதில் நான் பெரிதாக மதிப்பது 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட 605 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு குழுவுக்கு அதோடு, தினமும் 20 நிமிடம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துக்கொள்வார், ஆனால் தொட மாட்டார். மூன்றாவது குழுவுக்கு ஐந்து நாள் வரை தினமும் மாலையில் 20 நிமிடம் முதுகு மசாஜ். இந்த நடுக் குழுவை வைத்ததுதான் அந்த ஆய்வின் அருமை. ஆறுதலாக ஒருவர் இருந்ததால் குறைந்ததா, கை பட்டதால் குறைந்ததா என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. மசாஜ் குழுவில் இருந்தவர்களுக்கு முதல் நான்கு நாட்களில் வலி மற்றவர்களைவிட வேகமாக இறங்கியது. மசாஜ் முடிந்த கையோடு பதற்றமும் குறைந்தது.

அந்த ஆய்வு காட்டாததையும் சொல்லிவிட வேண்டும். மருத்துவமனையில் இருந்த நாட்கள் குறையவில்லை. எடுத்துக்கொண்ட வலி மருந்தின் அளவு குறையவில்லை. பதற்றத்தில் நீண்டகால மாற்றம் தெரியவில்லை. ஆக, மசாஜ் ஆபரேஷனுக்குப் பிந்திய நாட்களைச் சகித்துக்கொள்ள எளிதாக்குகிறது. குணமாகும் நாளை முன்னுக்கு இழுப்பதில்லை.

2004-இல் வந்த ஒரு சிறிய ஆய்வும் இருக்கிறது. 18 நோயாளிகள்தான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை, அதனால் அதை அளவாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கை, இரண்டு பாதம், ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம். 0 முதல் 10 வரையுள்ள அளவுகோலில் அவர்கள் சொன்ன வலி சராசரியாக 4.65-இலிருந்து 2.35-க்கு வந்தது. அவர்கள் அனைவரும் வலி மருந்து எடுத்துக்கொண்டவர்கள் என்பதைக் கவனியுங்கள். மருந்துக்கு மேலே கிடைத்த நிம்மதி அது.

ஆபரேஷன்தான் நல்லபடியாக முடிந்துவிட்டதே, அப்புறம் ஏன் இவ்வளவு பதற்றம்?

முடிந்த பிறகுதான் பலருக்குப் பதற்றம் வரும். அதுவரை "எப்படியாவது முடிந்தால் போதும்" என்று பிடித்துவைத்திருந்த தைரியம் அப்போது தளர்ந்துவிடும். தூக்கம் கெட்டிருக்கும். மயக்க மருந்தின் குழப்பம் இன்னும் தெளிந்திருக்காது. ராத்திரியெல்லாம் மெஷின் சத்தம். தும்மினால் தையல் பிரிந்துவிடுமோ, டெஸ்ட் ரிசல்ட் என்ன வருமோ என்ற பயம் வேறு. பதற்றம் கூடினால் வலி கூடும், வலி கூடினால் தூக்கம் போகும், தூக்கம் போனால் மறுநாள் இரண்டும் கூடும்.

ஒரு மாலை நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வயிற்றில் பெரிய ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள், அறுபது வயதைத் தாண்டிய ஒருவர். கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியை இறுகப் பிடித்திருந்தார், விரல் கணுக்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு. "வலி எவ்வளவு இருக்கிறது அய்யா?" என்று கேட்டால், "பரவாயில்லை" என்பார். கம்பியிலிருந்து கையை எடுக்கச் சொல்லவில்லை. கம்பியைப் பிடித்திருந்த அந்த முஷ்டியின் மேலேயே என் கையை வைத்து, புறங்கையை மெதுவாக நீவ ஆரம்பித்தேன். மூன்று நான்கு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் சுண்டுவிரல் தளர்ந்தது. அதற்கு அடுத்த விரல். முழுக் கையும் என் கைக்குள் வந்தபோது அவர் சொன்னது வலியைப் பற்றி இல்லை: "ராத்திரி ஆனால் பயமாக இருக்கிறது அம்மா." அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாக அதைச் சொன்னார். அதன் பிறகு நர்ஸிடம் பேசி, ராத்திரி மருந்து கொடுக்கும் நேரத்தை மாற்றி அமைத்தோம்.

ஆபரேஷனுக்கு முன்பே செய்யலாமா?

செய்யலாம். கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் கையைப் பிடித்துவிடுவது நல்லது. எண்ணெய் மட்டும் வேண்டாம். கருவிகளை ஒட்டும் இடமும் ஊசி போடும் இடமும் சுத்தமாக, பிசுக்கில்லாமல் இருக்க வேண்டும்.

எப்போது தொடங்கலாம், எவ்வளவு நேரம், எத்தனை முறை?

நோயாளி முழுக்கத் தெளிந்து, உங்களிடம் "வேண்டும்", "வேண்டாம்" என்று சொல்லும் நிலைக்கு வந்த பிறகு. பலருக்கு அது ஆபரேஷன் அன்று மாலையே வந்துவிடும், சிலருக்கு மறுநாள் ஆகும். வாந்தி, குளிர் நடுக்கம், காய்ச்சல், ரத்த அழுத்தத்தில் ஏற்ற இறக்கம் எல்லாம் இருக்கும்போது தொடங்காதீர்கள். முதல் முறை செய்வதற்கு முன் நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். "மசாஜ் செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "கையையும் பாதத்தையும் லேசாக நீவிவிடலாமா?" என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும்.

பத்து முதல் இருபது நிமிடம் போதும். வலி மருந்து கொடுத்து அது வேலை செய்யத் தொடங்கியிருக்கும் நேரம் நல்லது. தூங்குவதற்கு முன்னால் செய்வது இன்னும் நல்லது. ஒரு காலத்தில் மாலையில் முதுகை நீவிவிடுவது நர்ஸுகளின் அன்றாட வேலைகளில் ஒன்றாகவே இருந்தது. மருந்தும் இயந்திரமும் பதிவேடும் பெருகப் பெருக, அது மெல்ல மறைந்துபோனது. குடும்பத்தில் யாராவது அந்த இடத்தை நிரப்ப முடிந்தால் நான் சந்தோஷப்படுவேன்.

கையை எப்படி நீவுவது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன். புதிதாகச் செய்பவர்கள் கையில் தொடங்குவதுதான் பாதுகாப்பு. ட்ரிப்ஸ் ஊசி இல்லாத கையைத் தேர்ந்தெடுங்கள். மோதிரம், கடிகாரம், வளையலைக் கழற்றிவிட்டு, நகம் வெட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ஆபரேஷன் ஆனவரின் தோலில் சில்லென்ற கை பட்டால் உடம்பே தூக்கிப்போடும், தூக்கிப்போட்டால் தையல் வலிக்கும். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்காருங்கள். நின்றுகொண்டு குனிந்து செய்தால் உங்கள் இடுப்பும் போகும், உங்கள் அவசரமும் அவருக்குத் தெரியும்.

அவருடைய முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் கீழே ஒரு தலையணை வையுங்கள். கை அந்தரத்தில் தொங்கினால் அவர் அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், தளராது. முதலில் ஒன்றும் செய்யாமல், அவர் கையை உங்கள் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்து ஐந்தாறு மூச்சு வரை அப்படியே இருங்கள். பிறகு முன்கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை முழு உள்ளங்கையால் நீவி, அழுத்தம் இல்லாமல் திரும்பி வாருங்கள். ஏழெட்டு முறை. அப்புறம் புறங்கை. எலும்புகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களில் கட்டைவிரலை மெதுவாக ஓட்டுங்கள். கையைத் திருப்பி, உள்ளங்கையின் நடுவில் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து வெளிப்புறமாக விரியுங்கள், ஒரு தாளின் மடிப்பை நீவி எடுப்பதுபோல. கட்டைவிரல் மேட்டில் சிறிது நேரம் கூடுதலாக இருங்கள். கம்பியையும் போர்வையையும் இறுக்கிப் பிடித்த களைப்பெல்லாம் அங்கேதான் தங்கியிருக்கும். ஒவ்வொரு விரலையும் அடியிலிருந்து நுனி வரை உருவிவிடுங்கள். சொடக்கு எடுக்காதீர்கள். முடிக்கும்போதும் சட்டென்று கையை எடுக்காமல், தொடங்கியதுபோலவே இரண்டு கைகளாலும் பிடித்திருந்துவிட்டு விடுங்கள்.

அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால், மூடிய கண்ணிமையின் மேல் விரல் வைத்துப் பாருங்கள், உறுத்தாத அந்த அளவிலிருந்து தொடங்கி, அவர் கேட்டால் கொஞ்சம் கூட்டலாம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். புருவம் சுருங்கினாலோ மூச்சு நின்றாலோ அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். வாய் "நன்றாக இருக்கிறது" என்று சொன்னாலும் சரி.

கால் பிடித்துவிடலாமா?

பாதம் வரை, டாக்டரோ நர்ஸோ சரி என்றால், செய்யலாம். கணுக்காலுக்கு மேலே, கெண்டைக்கால் சதையையும் தொடையையும் பிடிக்கவோ அமுக்கவோ உருவவோ வேண்டாம்.

காரணம் இது. ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையும் தன்மை கூடியிருக்கும். கூடவே படுத்தே கிடப்பதால் கால் நரம்புகளில், அதாவது சிரைகளில், ரத்த ஓட்டம் மந்தமாகும். இரண்டும் சேர்ந்தால் கெண்டைக்காலின் ஆழத்தில் ரத்தக்கட்டி உருவாகலாம். வெளியே ஒன்றுமே தெரியாமலும் அது இருக்கலாம். அந்தச் சதையை அமுக்கும்போது கட்டி பெயர்ந்து, ரத்தத்தோடு போய் நுரையீரலில் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ஆபரேஷன் ஆனவர் "கெண்டைக்கால் வலிக்கிறது" என்று சொன்னால், பிடித்துவிட ஏற்ற வலி அது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து, தொட்டால் வலித்தால் உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

இந்த ஆபத்து வீட்டுக்கு வந்ததும் போய்விடுவதில்லை, பல வாரங்கள் இருக்கும். இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தை ஐந்து வாரம் வரைகூடக் கொடுப்பது இதனால்தான். காலுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், பாதத்தை முன்னும் பின்னும் அவராகவே அசைக்கச் சொல்லுங்கள். மணிக்குப் பத்துத் தடவை. டாக்டர் அனுமதித்ததும் எழுந்து நடக்க வையுங்கள். கெண்டைக்காலுக்கு அதைவிட நல்ல மசாஜ் கிடையாது.

முதுகை நீவும்போது என்ன பார்க்க வேண்டும்?

குப்புறப் படுக்க வைக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க அனுமதி இருந்தால், வயிற்றுக்கு முன்னால் ஒரு தலையணை கொடுத்து அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உட்கார முடிந்தவர் என்றால், மேஜையில் தலையணை வைத்து அதில் சாய்ந்துகொள்ளலாம். முதுகெலும்பின் மேலே அழுத்தாமல், இரண்டு பக்கமும் உள்ள சதையில் கீழிருந்து தோள் வரை நீவுங்கள். முதுகில் வலி மருந்துக்காக மெல்லிய குழாய் பொருத்தியிருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இதைப் பலரும் தவறாகவே செய்கிறார்கள். படுத்தே கிடப்பவரின் வால் எலும்புப் பக்கம், குதிகால், இடுப்பெலும்பு ஆகியவற்றில் தோல் சிவந்திருந்தால், ரத்த ஓட்டம் வரட்டும் என்று அதைத் தேய்த்துவிடுவார்கள். தேய்க்கவே கூடாது. விரலால் ஒரு முறை அழுத்தி எடுங்கள். வெளுத்துப்போய் மறுபடி சிவந்தால், அழுத்தத்தை நீக்கிப் புரட்டிப் படுக்க வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால், உள்ளே திசு ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கிறது, படுக்கைப்புண்ணின் முதல் படி அது. தோல் கருமையாக உள்ளவர்களுக்குச் சிவப்பு தெரியாமல் போகலாம். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். தேய்த்தால் சேதம்தான் கூடும். நர்ஸிடம் காட்டுங்கள்.

பித்தப்பை ஆபரேஷன் செய்தார்கள், ஆனால் தோள்பட்டை வலிக்கிறது என்கிறார். தோளைப் பிடித்துவிட்டால் சரியாகுமா?

லேப்ரோஸ்கோபி, அதாவது சிறு துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன், செய்துகொண்ட பலர் இதைச் சொல்லிப் பயப்படுவார்கள். வயிற்றுக்குள் பார்க்க வசதியாகக் கரியமில வாயுவை நிரப்புகிறார்கள். மீதியிருக்கும் வாயு, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசைத் தடுப்பான உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருவது. தோளின் உணர்ச்சி நரம்புகளும் அதே கழுத்துப் பகுதியில்தான் சேர்கின்றன. அதனால் மூளைக்கு அது தோள் வலியாகத் தெரிகிறது. தோளில் கோளாறு ஒன்றும் இல்லை. தோளை நீவினால் இதமாக இருக்கும், செய்யலாம். ஆனால் காரணம் அங்கே இல்லாததால் எவ்வளவு அமுக்கினாலும் வலி போகாது. அமுக்கி அமுக்கி இல்லாத தோள் வலியை உண்டாக்கிவிடாதீர்கள். கொஞ்சம் நடந்தால் நல்லது. இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் தானாகவே போய்விடும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் மட்டும் வாயு என்று விட்டுவிடாமல் உடனே சொல்லுங்கள்.

மசாஜ் முடிந்ததும் என்ன செய்வது? அப்படியே தூங்கவிடலாமா?

ராத்திரி என்றால் தூங்கவிடுங்கள். பகல் என்றால், அந்த நேரத்தை வீணாக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். மசாஜ் தரும் நிம்மதி கொஞ்ச நேரம்தான் இருக்கும். அந்த நேரத்தில்தான் வலிக்குப் பயந்து தள்ளிப்போட்ட வேலைகளைச் செய்ய முடியும். ஆழமாக மூச்சிழுப்பது, தலையணையைத் தையலின் மேல் அணைத்துக்கொண்டு இருமிச் சளியை வெளியேற்றுவது, கட்டிலை விட்டு இறங்கி நாலு அடி நடப்பது. நிமோனியாவும் ரத்தக்கட்டியும் வராமல் தடுப்பவை இவைதான். மூச்சை இழுத்துப் பந்துகளை மேலே தூக்கும் மூச்சுப் பயிற்சிக் கருவியில் ஒரு பந்துக்கு மேல் ஏற்ற முடியாமல் இருந்த ஒரு அம்மா, மகள் கழுத்தையும் தோளையும் நீவிவிட்ட பிறகு இரண்டாவது பந்தையும் தூக்கினார். தோள் கீழே இறங்கியதும் மார்பு விரிய இடம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

வலி மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். மாத்திரையைக் குறைப்பதை டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். வலியைத் தாங்கிக்கொள்வது பெருமை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அது உதவாது. வலியால் இருமாமலும் நடக்காமலும் இருந்தால் குணமாவதுதான் தள்ளிப்போகும்.

எந்த ஆபரேஷனுக்கு என்ன கூடுதல் கவனம்?

இதய ஆபரேஷனில் நெஞ்செலும்பைப் பிளந்து கம்பியால் கட்டியிருப்பார்கள். அது கூடிவர ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை மார்பில் கை வைக்கக் கூடாது, கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. தொடை அல்லது கெண்டைக்காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்திருந்தால் அங்கேயும் ஒரு காயம் இருக்கும். ஆனால் கழுத்து, தோள், மேல்முதுகு மூன்றும் இவர்களுக்கு மிகவும் வலிக்கும். தெரிந்தவர் கையால் மெதுவாக நீவினால் நல்ல பலன் தெரியும்.

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தால், அந்தப் பக்கக் கையில் அழுத்தி மசாஜ் செய்யக் கூடாது. நிணநீர் வடியும் பாதை குறைந்துவிட்டதால் கை வீங்கும் வாய்ப்பு உண்டு. வீக்கத்துக்கென்று எம்மில் வோடர் என்ற டென்மார்க்காரர் 1930-களில் உருவாக்கிய நிணநீர் வடிப்பு முறை இருக்கிறது. தோலை மட்டும் மெல்ல நகர்த்தும் நுட்பமான வேலை அது. பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். மறுபக்கக் கையும் பாதமும் உங்களுக்கு.

முதுகெலும்பு ஆபரேஷன் என்றால் முதுகு, கழுத்து இரண்டையும் விட்டுவிடுங்கள். சிசேரியன் என்றால் அடிவயிற்றை அமுக்கக் கூடாது. குழந்தைக்குப் பால் கொடுத்துக் கொடுத்து இறுகிய தோளும் மேல்முதுகும் உங்கள் கைக்காகக் காத்திருக்கும். கை, கால் எலும்பு முறிவு ஆபரேஷனில் அந்த உறுப்பையே தொடாதீர்கள். வலி குறைய வேண்டிய நேரத்தில் கூடிக்கொண்டே போனால், விரலை லேசாக அசைத்தாலே அலறினால், சதை கல்போல இறுகியிருந்தால், விரல் மரத்துப்போனால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கூப்பிடுங்கள். தசைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றுபோகும் அவசர நிலையாக இருக்கலாம்.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கு லேசாக அழுத்தினாலே கன்றிப்போகும். மரத்துப்போக ஊசி போட்ட கை காலில் மசாஜும் வேண்டாம், சூட்டு ஒத்தடமும் வேண்டாம். அதிகமானால் அவருக்கே தெரியாது. வயதானவர்களின் தோல் காகிதம்போல் இருக்கும், இழுத்தால் கிழியும். வைத்த கை வைத்தபடி இருந்தாலே அவர்களுக்குப் போதும்.

தழும்பை எப்போது மசாஜ் செய்யலாம்?

இது வேறு வகை மசாஜ், வேறு கட்டம். தையல் பிரித்து, பொருக்கு எல்லாம் உதிர்ந்து, எங்கும் திறப்போ கசிவோ இல்லாமல் காயம் முழுக்க மூடிய பிறகு, ஆபரேஷன் செய்த டாக்டர் பார்த்துச் சரி சொன்னால்தான். மூன்று வாரத்தில் காயத்தின் பலம் பழைய தோலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். வெளியே ஆறியதுபோலத் தெரிந்தாலும் அவசரப்படக் கூடாது. அனுமதி கிடைத்ததும் வாசனையில்லாத சாதாரண க்ரீம் தடவி, விரல் நுனியால் சிறு வட்டமாகவும், நீளவாக்கிலும், குறுக்காகவும் நகர்த்துங்கள். விரல் தோலின் மேல் வழுக்காமல், தோலே அடியிலுள்ள சதையின் மேல் நகர வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. தழும்பு முதிர ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும், அதனால் பொறுமை வேண்டும். தொட்டாலே கூசுகிறது என்பவர்கள், முதலில் ஒரு மென்மையான பருத்தித் துணியால் தழும்பைச் சுற்றி வருடிப் பழகலாம்.

என்ன எண்ணெய் நல்லது?

எது என்பது முக்கியமில்லை. வழுக்குவதற்கு ஏதாவது கொஞ்சம், அதுவும் வாசனை குறைவாக. குமட்டல் இருப்பவருக்கு வாசனை ஆகாது. காயத்தில் படக் கூடாது, பிளாஸ்டரில் பட்டால் ஒட்டு விட்டுப்போகும். எரிச்சல் தரும் தைலங்களைக் காயத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். எண்ணெய்ப் பாதத்தோடு நடக்க விடாதீர்கள், துடைத்துவிட்டு இறக்குங்கள்.

தொடவே வேண்டாம் என்கிறார். வற்புறுத்தலாமா?

கூடாது. மருத்துவமனையில் நோயாளியின் உடம்பை எல்லோரும் தொடுகிறார்கள், ஊசி குத்துகிறார்கள், புரட்டுகிறார்கள். "வேண்டாம்" என்று அவரால் சொல்ல முடிகிற ஒரே விஷயம் உங்கள் மசாஜாக இருக்கலாம். அதை மதியுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். நாளைக்கு அவரே கையை நீட்டக்கூடும்.

எப்போது மசாஜை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்?

திடீரென மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், இருமலில் ரத்தம் வந்தால். ஒரு கால் மட்டும் வீங்கினால். காய்ச்சல் வந்தால், காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினால், சீழோ நாற்றமோ இருந்தால், தையல் விட்டுப்போனால். நேற்றைவிட இன்று வலி கூடுதல் என்றால், காரணம் தெரியும்வரை அதை மசாஜால் அடக்கப் பார்க்காதீர்கள்.

கூட யாரும் இல்லை. எனக்கு நானே செய்துகொள்ளலாமா?

செய்துகொள்ளலாம். தனியாக ஆபரேஷனைத் தாண்டுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஒரு கையால் மறு கையின் உள்ளங்கையை நீவுங்கள். காதுக்கு முன்னால், பல்லைக் கடித்தால் புடைக்கும் தசையில் இரண்டு விரல் வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி சிறு வட்டம் போடுங்கள். மயக்க மருந்துக்காகத் தொண்டையில் குழாய் வைத்தவர்களுக்குத் தாடை இறுகியிருக்கும். பின்கழுத்தில் உள்ளங்கையை வைத்துச் சும்மா பிடித்திருங்கள். குனிந்து பாதத்தை எட்டப் பார்க்காதீர்கள், தையல் இழுக்கும். பாதத்துக்கு, கட்டில் ஓரத்தில் உட்கார அனுமதி கிடைத்ததும், தரையில் ஒரு சுருட்டிய துண்டைப் போட்டு அதன் மேல் பாதத்தை மெதுவாக உருட்டினால் போதும். எழுந்து நிற்பதற்கு முன் துண்டைக் காலால் ஓரமாகத் தள்ளிவிடுங்கள், தடுக்கிவிடும்.